மதாம் வீட்டில் நாங்கள் பேசிய தமிழ்

1

போன வாரம் பிஸ்கட்டவேயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில், பில் போடும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம், நானும் என் மகள் காவ்யாவும். எங்களுக்கு முன்னால் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள். கைப்பையிலிருந்து கூப்பன்களை ஒவ்வொன்றாக எடுப்பதும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படிப்பதும், பிறகு கண்ணுக்கு இறக்கி மறுபடியும் படிப்பதுமாக இருந்தார். எங்கள் வண்டியில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"இந்தக் கெழவி..."

அதற்குமேல் வரவில்லை. காவ்யா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். "டோன்ட், அம்மா. யூ நெவர் நோ."

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, காக்க வைத்ததற்கு ஸாரி சொல்லிச் சிரித்தார். எனக்கு மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கீழே குனிந்து உருளைக்கிழங்குப் பையைத் தேவையே இல்லாமல் நகர்த்தி வைத்தேன்.

நியூ ஜெர்சியில் கூப்பன் எண்ணும் வெள்ளைக்காரக் கிழவிக்கா தமிழ் தெரிந்திருக்கப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கோடை வரைக்கும் நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பதில்லை. காவ்யா என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசி மூன்று மாதமாகிறது. அதற்கு வேறு யாரும் காரணமில்லை, நான்தான். ஊரில் தமிழ்க் காற்றையே மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது.

2

காவ்யா பிறந்தது இங்கேதான். மூன்று வயது வரை மழலையெல்லாம் சுத்தத் தமிழ். டேகேரில் விட்டேன், அவ்வளவுதான். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். "சாப்பிட வா கண்ணு" என்றால் "ஐயாம் நாட் ஹங்கிரி." "தலை சீவலாமா" என்றால் "லேட்டர்." எல்லாம் புரியும், ஒன்றும் வாயில் வராது. ஒருத்தர் வீட்டு பேஸ்மென்டில் நடந்த ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பிப் பார்த்தேன். படத்தைப் பார்த்து 'அணில்' என்று சொல்லி ஸ்டிக்கர் வாங்கி வந்தாள். வரும் வழியில் நிஜ அணில் ஒன்று குறுக்கே ஓடியது. "அம்மா, ஸ்க்விரல்!" என்று கத்தினாள்.

அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒருநாள், மாலில் செருப்புக் கடை. அளவெடுக்க வந்த ஆள் டோப்பா வைத்திருந்தார். அது ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. காவ்யா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அந்த மாமா முடி பொய்."

தமிழ்! அவளாகவே சொன்ன முழு வாக்கியம்! இங்கிலீஷில் சொன்னால் அந்த ஆளுக்குப் புரிந்துவிடும் என்று தமிழுக்குத் தாவியிருக்கிறாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஆமா கண்ணு, காத்தடிச்சா பறந்து போயிரும், புடிச்சுக்கச் சொல்லு" என்றேன். இருவரும் சிரித்த சிரிப்பில் அந்த ஆளும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தார்.

அன்றைக்குப் பிடித்த விளையாட்டு அது. கடை, தபால் ஆபீஸ், பல் டாக்டர், விமான நிலையம் என்று எங்கே போனாலும் நாங்கள் இருவரும் தமிழில் ஊரை அளப்போம். நான்தான் தீனி போட்டேன். திருட்டு முழி, எண்ணெய் வழியிற மூஞ்சி, பூசணிக்காய், ஓட்டைவாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். இஞ்சி தின்ன கொரங்கு என்பதை அவள் உச்சரிக்கிற அழகுக்கு இன்னொரு தடவை சொல்லச் சொல்வேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் மறுபடியும் இங்கிலீஷ்தான். வெளியில் தமிழ், வீட்டுக்குள் இங்கிலீஷ் என்று தலைகீழாக நடந்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இதில் எனக்குப் பெருமை வேறு. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் புளியோதரை வாங்க நிற்கும்போது மற்ற அம்மாக்கள் பிள்ளைகள் தமிழே பேசுவதில்லை என்று புலம்புவார்கள். "எங்க காவ்யா பரவால்லைங்க. கடைக்குப் போனா முழுக்கத் தமிழ்தான்" என்பேன். என்ன பேசுகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காததை நானாகச் சொல்வேனா?

3

என் வீட்டுக்காரருக்கு வேலை மருந்துக் கம்பெனியில், மனசு மட்டும் பழைய கோட்டைகளில். எங்கள் சொந்த ஊரான ஈரோட்டுக்குப் புறப்படும் வருஷங்களிலெல்லாம் போகிற வழியில் எங்காவது இறங்க வேண்டும் என்பார். இந்தத் தொண்ணூற்றேழு கோடையில் பிரான்ஸ் என்றார்.

"பாரிஸா?"

"பாரிஸைத்தான் எல்லாரும் பாக்குறாங்களே. இது சின்ன ஊரு, புள்ள. எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பா பூராவுமிருந்து யாவாரிங்க வந்து துணி வித்த எடம். மதில் சுவரெல்லாம் அப்படியே இருக்குதாம்."

"ஜவுளிச் சந்தை பாக்குறதுக்கா பிரான்ஸுக்கு? ஈரோட்டுல வாராவாரம் நடக்குது. அதுக்கு விசாவும் வேண்டாம்."

அந்த ஊரின் பெயர் ப்ரொவேன். எழுத்தில் கடைசியில் ஒரு 'ஸ்' இருக்கிறது, வாயில் அது வரக் கூடாதாம். ஒரு வாரம் என்னைப் பழக்கினார். நான் கடைசி வரைக்கும் அந்த ஸ்ஸைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

விசா கதை தனி. நாங்கள் இருவரும் இந்தியப் பாஸ்போர்ட், கையில் கிரீன் கார்டு. காவ்யாவுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட், அவளுக்கு விசாவே வேண்டாம். வேலைச் சான்று, பாங்க் ஸ்டேட்மென்ட், தங்குமிடத்துக்கு அத்தாட்சி, திரும்பி வருவோம் என்பதற்கு டிக்கெட் என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு விடியலில் ரயிலேறி நியூயார்க் போய்ப் பிரெஞ்சுத் தூதரக வாசலில், தெருவில் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், எதற்கு அந்த ஊர் என்று கேட்டாள். இவர் சந்தை, மதில், கோபுரம் என்று பாடமே எடுத்துவிட்டார். "நானே அங்கே போனதில்லையே" என்றாள் அவள்.

பக்கத்தில் சூயிங்கம் மென்றுகொண்டு நின்ற காவ்யா, உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெர்மிஷன் வேண்டும், எனக்கு ஏன் வேண்டாம் என்று இங்கிலீஷில் கேட்டாள். நீ இங்கே பிறந்தவள் என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அதை மறைக்க, "அந்தப் பொண்ணு மூக்கைப் பாரு, கிளி கெட்டுது" என்றேன் தமிழில். காவ்யா உடனே தமிழுக்கு வந்தாள். "கொத்திரும் அம்மா, தள்ளி நில்லு." வரிசை போனதே தெரியவில்லை.

4

ஊர் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு குன்றின் மேல் பாதி ஊர், கீழே பாதி ஊர். மேலே சுற்றிலும் மதில், உச்சியில் பெரிய கோபுரம், அதன் மேலிருந்து பார்த்தால் அறுத்து முடித்த கோதுமை வயல்கள். ஊருக்கடியில் சுரங்க அறைகள். ரோஜாதான் அந்த ஊரின் விசேஷமாம். ரோஜா இதழில் ஜாம் செய்து குட்டிப் பாட்டிலில் விற்றார்கள். இவர் பெருமையாக வாங்கிவந்து என் வாயில் ஒரு ஸ்பூன் வைத்தார். "நாட்டு மருந்துக் கடை குல்கந்துங்க இது" என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

நாங்கள் தங்கியது மேல் ஊரில் ஒரு பழைய வீட்டின் மாடி அறையில். வீட்டுக்காரப் பெண்மணி அறுபதைத் தாண்டியவர். ஒல்லி உடம்பு, ஆகஸ்ட் வெயிலிலும் நீலக் கம்பளிச் சட்டை. மதாம் என்று அழைத்தோம். எங்களுக்குள் பேசும்போது 'அவள்', 'இவள்', 'அது'. இப்போது எழுதும்போது கை தானாக 'அவர்' என்று போடுகிறது. அப்போது வாய்க்கு வராத மரியாதை.

முதல் நாள் காலையில் சாப்பிட உட்கார்ந்தோம். ரொட்டி, வெண்ணெய், காப்பி எல்லாம் வைத்துவிட்டு மதாம் உள்ளே போகவில்லை. சமையலறை நிலைப்படியில் நின்று, ஒரே கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எத்தன ரொட்டி திங்கிறோம்னு எண்ணிக்கிட்டு நிக்கிறா பாரு" என்றேன்.

"இஞ்சி தின்ன கொரங்கு" என்றாள் காவ்யா, ரொட்டியை மென்றுகொண்டே.

"ஏய், மெதுவாப் பேசுங்க ரெண்டு பேரும்" என்றார் இவர்.

"அவளுக்கென்னங்க புரியப் போகுது?"

அவரும் அதற்குமேல் தடுக்கவில்லை. மதாமின் கம்பளிச் சட்டை, நடை, எலிவால் கொண்டை என்று ஒன்றையும் விடவில்லை நாங்கள். பேசப் பேச மதாம் நெருங்கி வந்தார். கடைசியில் ஒரு கூடை அவரைக்காயைத் தூக்கி வந்து அடுத்த மேஜையிலேயே உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தார். "இது என்ன, போலீஸ் காவலா?" என்றேன். காவ்யா சிரித்ததில் காப்பி மூக்கில் ஏறியது. நானும் தமிழும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து சிரிக்கிறோமே என்ற பூரிப்பில் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் ரைஸ் குக்கரை எடுத்தேன். ஆமாம், பிரான்ஸுக்கு ரைஸ் குக்கரோடு போனவள்தான் நான். என்னைப் போல எத்தனை பேர் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே குக்கர் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அறையில் சமைக்கக் கூடாது என்று கதவில் படம் போட்டு ஒட்டியிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அரிசியைப் போட்டேன். சூடான சோற்றில் பருப்புப் பொடியைக் கொட்டி நெய்யை விட்டேன். நாலைந்து நாள் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம்.

படிக்கட்டில் பலகை கிறீச்சிட்டது. யாரோ ஏறி வந்து எங்கள் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். தட்டவில்லை. நான் படுக்கை விரிப்பை உருவிக் குக்கர் மேல் போட்டு மூடிவிட்டுக் கதவைப் பாதி திறந்தேன். மதாம். என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று உடைந்த இங்கிலீஷில் கேட்டார். "ஓகே, ஓகே, தாங்க்யூ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"மோப்பம் புடிச்சுக்கிட்டு மேல வந்துட்டா பாரு. நாய் தோத்துது போ."

காவ்யா கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் காலடி இறங்கிப் போகிற சத்தம் உடனே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது. அதற்கும் ஏதோ ஒரு கேலி பேசியிருப்பேன்.

5

மறுநாள் காலையில் கிளம்பினோம். இவர் பெட்டிகளை வாடகைக் காரில் ஏற்றப் போயிருந்தார். நானும் காவ்யாவும் கடைசியாகப் படியிறங்கினோம். குக்கர் ஒரு துண்டில் சுற்றி என் இடுப்பில். படிக்கட்டு திரும்பும் இடத்தில் சின்ன ஜன்னல். வந்து சேர்ந்த அன்றைக்கு நாங்கள் ஏறியது இருட்டிய பிறகு, மற்ற நேரங்களில் அவசரம். அன்றைக்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக எதிர்ச் சுவரில் விழுந்து, அங்கே மாட்டியிருந்த ஒரு படம் பளிச்சென்று தெரிந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்து உடுப்பும் தொப்பியுமாக ஒரு மனிதர். நல்ல கறுப்பு.

"ஹூ இஸ் ஹி?" என்றாள் காவ்யா.

"யாரைக் கண்டா? தார் டின்னுக்குள்ள முங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கான். வெள்ளைக்காரி வீட்டுச் செவுத்துல இவனுக்கு என்ன வேலை?"

காவ்யா சிரித்தாள். "தார் டின்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள், புது வார்த்தை கிடைத்தால் எப்போதும் செய்கிற மாதிரி.

"அவர் என் வீட்டுக்காரர்ம்மா."

குரல் கீழேயிருந்து வந்தது. நல்ல தமிழ். யாரோ தமிழ்க்காரர்கள் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. மதாம்தான் படிக்கட்டின் அடியில் நின்றிருந்தார். கையில், வழியில் நாங்கள் சாப்பிடுவதற்காகக் காகிதத்தில் சுற்றிய ரொட்டி.

"காரைக்கால் அவருக்கு. பேரு சவரிமுத்து. உங்க ஆளுதான்."

காவ்யா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செத்துப்போய்விட்டால் தேவலை என்று மனிதர்கள் சொல்வதை நான் வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன். அந்தப் படிக்கட்டில் நிஜமாகவே அப்படித் தோன்றியது. என் அப்பாவும் அதே நிறம்தான். நான் மட்டும் என்ன, சுண்ணாம்பா? கல்யாணப் பேச்சில் நிறத்தைச் சொல்லி இரண்டு இடம் தட்டிப்போன பெண் நான். என் வாயில் அந்தப் பேச்சு எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது?

மதாம் எங்களை மேஜைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். காரிலிருந்து திரும்பி வந்த இவர், "என்னாச்சு, ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?" என்றார். "உக்காருங்க தம்பி" என்றார் மதாம். இவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

அவர் சொன்னது சுருக்கமாக இதுதான். பட்டாளத்தில் இருந்த சவரிமுத்துவை இதே ஊரில் சந்தித்துக் கல்யாணம். பிறகு பல வருஷம் காரைக்காலில் மாமியார் வீட்டில் வாசம். அங்கே தமிழைத் தவிர வேறு பேச்சு செல்லாது. திரும்பி வந்த பிறகும் வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தமிழ்தான். பிள்ளைகள் இல்லை.

"அவர் போனதுக்கப்புறம் இந்த வீட்டுல தமிழ்ச் சத்தமே கெடையாது. செவுத்தப் பாத்துத் தனியாப் பேசிக்க முடியுமா?"

"முதல்லயே சொல்லியிருக்கலாமேங்க?" என்றார் இவர், குரலே எழும்பாமல்.

"சொல்லியிருந்தா என்ன செய்வீங்க? மரியாதையா நாலு வார்த்த பேசிட்டு ரூமுக்குப் போயிருப்பீங்க. வீட்டுக்குள்ள பேசுற மாதிரி பேசியிருக்க மாட்டீங்க. நான் வாயத் தொறந்தா நீங்க நிறுத்திருவீங்கன்னுதான் சும்மா இருந்தேன். திட்டினா என்ன, தமிழ்தானே? என் மாமியாரும் அப்படித்தான். இஞ்சி தின்ன கொரங்குன்னு என்னைய எத்தனையோ தடவ சொல்லியிருக்காங்க." என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "அவங்க நல்லவங்கதான். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"ராத்திரி பருப்புப் பொடி வாசனை வந்துச்சு. ஒரு வாய் கேக்கலாம்னுதான் ஏறி வந்தேன். நீங்க போர்வையப் போட்டு மூடியிருந்ததப் பாத்தேன். சரி, வேணாம்னு எறங்கிட்டேன்." காகிதத்தில் சுற்றிய ரொட்டியை என் பக்கம் நகர்த்தினார். "எல்லாம் சரிம்மா. அவரைச் சொன்னதுதான் பொறுக்கல."

"ஐயாம் ஸோ ஸாரி, மதாம்" என்றார் இவர்.

"அதத் தமிழ்ல சொல்லுங்களேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். யோசித்துப் பாருங்கள், தமிழில் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டிருக்கிறோமா நாம்? காலை மிதித்தாலும் ஸாரி, கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் ஸாரி. ஊரையே தமிழில் கிழித்துத் தொங்கவிட்டவளுக்கு அந்த ஒரு வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

காவ்யா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். "மன்னிச்சுக்கோ பாட்டி" என்றாள். பன்னிரண்டு வயதுப் பெண், அழுகையில் கன்னமெல்லாம் நனைந்து. மதாம் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அவள் காதில் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

நான் செய்தது ஒன்றே ஒன்று. பையைத் திறந்து, மீதியிருந்த பருப்புப் பொடி பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன். பாதிக்குமேல் தீர்ந்துபோன பாட்டில். எங்கள் எச்சிலில் மிஞ்சியதைக் கொடுக்கிறோமே என்று வைத்த பிறகுதான் உறைத்தது. அவர் மூடியைத் திறந்து மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் போய்வருகிறோம் என்று சொன்னோமா என்றுகூட நினைவில்லை.

6

கார் மதிலைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. இவர்தான் கடைசியில், "சரி விடு, தெரியாமப் பேசினதுதானே" என்றார். பின்சீட்டிலிருந்து காவ்யா இங்கிலீஷில் சொன்னாள். அவள் சொன்னதன் சாரம் இது: "அம்மா, யோசிச்சுப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்ச தமிழ் எல்லாமே யாரையாவது கேவலப்படுத்துறதுக்குத்தான். நல்லதா ஒண்ணுகூட நீ சொல்லிக் கொடுக்கல."

'அப்படியில்லை கண்ணு' என்று சொல்ல வந்தேன். எதை எடுத்துக் காட்டுவது? பூசணிக்காயையா, ஓட்டைவாயையா?

ஈரோட்டில் ஒரு மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. அத்தைமார்களும் சித்தப்பாக்களும் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாள், இல்லாவிட்டால் இங்கிலீஷ். "அமெரிக்காக்காரிக்குத் தமிழ் வருமா?" என்று சிரித்தார்கள். வரும் என்று சொல்ல எனக்கு வாயில்லை. இங்கே திரும்பி வந்து கோயிலுக்குப் போனபோது, பிள்ளைகள் நிகழ்ச்சி நடத்துகிற அம்மா ஒருவர் ஆசையாக வந்தார்.

"காவ்யா, நீ நல்லாத் தமிழ் பேசுவியாமே, அம்மா எப்பவும் சொல்லுவாங்க. மேடையில ரெண்டு நிமிஷம் பேசறியாடா?"

"ஸாரி ஆன்ட்டி. ஐ டோன்ட் ஹேவ் எனிதிங் நைஸ் டு ஸே" என்றாள் காவ்யா, மரியாதையாகத்தான். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடப் போனேன்.

நானும் முயற்சி செய்யாமலில்லை. கடையில் யாரையாவது பார்த்து, "அந்தப் பொண்ணு சட்டை எவ்வளவு அழகா இருக்குது பாரு கண்ணு" என்று தமிழில் நல்லதாகச் சொல்லிப் பார்த்தேன். நாடகத்தில் வசனம் பேசுகிற மாதிரி எனக்கே கேட்டது. காவ்யா என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, "யா, நைஸ்" என்றாள். வீட்டிலும் அப்படித்தான். நான் தமிழில் கேட்கிறேன், அவள் பதில் சொல்கிறாள், பழையபடி இங்கிலீஷில். முன்பாவது வெளியில் போனால் தமிழ் கிடைக்கும். இப்போது அதுவும் இல்லை.

மதாமுக்கு ஒரு போன் செய்து பேசிவிடு என்று இவர் பலமுறை சொல்லிவிட்டார். அந்த வீட்டு நம்பர் அச்சிட்ட கார்டு ஃப்ரிட்ஜ் கதவில்தான் காந்தத்துக்கடியில் இருக்கிறது. கடந்து போகும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொள்வேன். வெளிநாட்டுக்குப் பேச வாங்கும் எங்கள் காலிங் கார்டு வேறு இப்போதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஈரோட்டுக்கு இரண்டு தடவை பேசுவதற்குள் முடிந்துவிடுகிறதே என்று அதை விற்ற கடைக்காரனை மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன். வாயால் வைவதைத்தான் குறைத்திருக்கிறேன்.

7

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் இவர் இலை கூட்ட வெளியே போயிருந்தார். டிரையரிலிருந்து எடுத்த துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிக்கு வந்தேன். காவ்யாவின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல். பள்ளிக்கூடத்துத் தோழிகளோடு எப்போதும் போனில்தான் இருப்பாள், அதுதான் என்று தாண்டிப் போக இருந்தேன்.

"இல்ல பாட்டி, இங்க குளிர் வந்திருச்சு. இலை எல்லாம் ரெட்... செவப்பா ஆயிருச்சு. அழகா இருக்கு."

கால் நின்றுவிட்டது.

"நான் நேத்து ரசம் வெச்சேன். ஆமா, நானேதான். நீங்க சொன்ன மாதிரி மிளகு தட்டிப் போட்டேன்... இல்ல, கொஞ்சம் காரம் ஆயிருச்சு."

நேற்று ரசம் காரமாக இருந்தது என்று நான்தான் குறை சொன்னேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் வாயில் நீங்க என்ற சொல்லையும் நான் இதற்கு முன் கேட்டதில்லை. தட்டுத் தடுமாறி, நடுவில் இங்கிலீஷ் நுழைந்து, மறுபடி அதைத் தமிழுக்குத் திருப்பி, என் மகள் பேசிக்கொண்டிருந்தாள். யாரையும் குறை சொல்லாத தமிழ். நான் கொடுக்காத தமிழ்.

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"அம்மாவா? அம்மா நல்லா இருக்காங்க." பிறகு சின்னதாக ஒரு சிரிப்பு. "அம்மா நல்லவங்கதான் பாட்டி. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

உள்ளே போய், போனைக் கொடு, நானும் பேச வேண்டும் என்று கேட்க ஆசைதான். மதாமிடம் தமிழில் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கதவில் கைகூட வைத்துவிட்டேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் அவள் நிறுத்திவிடுவாள். கையை எடுத்துக்கொண்டேன். கூடையிலிருந்த துணிகள் சூடு ஆறிப்போகும்வரை, காலடிப் பலகை சத்தம் போட்டுவிடக் கூடாதே என்று அசையாமல், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.